கிரேக்கத்தில் எழுதிய வாக்கு

சிரிக்க வேண்டுமென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், பிறகு நடுவில் குறுக்கிடாதீர்கள். சாமி வருவது, உரு ஏறுவது, வாக்குச் சொல்வது எதையும் நான் நம்பினவள் இல்லை. இப்போது நம்புகிறாயா என்று கேட்டால் கோபம்தான் வரும். நான் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் கிரேக்கமும் லத்தீனும் படித்தவள். ஓம், உப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பட்டிக்காட்டுப் பிள்ளைதான். கேட்ட பாடம் கிடைக்கவில்லை, அதில்தான் இடம் காலியாக இருந்தது, போய் உட்கார்ந்தேன், உட்கார்ந்த பிறகு பாழாய்ப்போன அந்த மொழி பிடித்துவிட்டது. வகுப்பில் மொத்தமே மூன்று பேர். ஊரில் கண்டவரெல்லாம், "கிரேக்கமா? அதப் படிச்சி எங்க புள்ள வேல எடுக்கப் போறா?" என்று கேட்பார்கள். அவர்கள் கேட்டது சரிதான். இன்று ஒரு அலுவலகத்தில் எனக்கு அரை மேசை கொடுத்திருக்கிறார்கள், அங்கே கிரேக்கத்துக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை.

கடைசி வருடம் ஒரு ஆய்வு எழுத வேண்டும். பழைய கிரேக்கர்கள் கோயிலுக்குப் போய்த் தெய்வத்திடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவார்கள், எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயில் சடங்கிலும் அதே கூத்துத்தான், இரண்டையும் ஒப்பிட்டு எழுதுகிறேன் என்று பெரிய எடுப்பாகச் சொல்லிவிட்டேன். சடங்கு நடந்த நாளில் எனக்குப் பரீட்சை, ஊருக்கு வர முடியவில்லை. கையில் ஒரு வாக்குக்கூட இல்லை. என்ன செய்வது, நானே ஒன்றைக் கட்டிவிட்டேன். களவுதான், இல்லை என்று சொல்லவில்லை.

காணாமற்போன மகனைப் பற்றி ஒரு தாய் கேட்கிறாள், அம்மன் மூன்று வரியில் பதில் சொல்கிறது. அப்படி ஒரு தாயைத் தேடி நான் அலைய வேண்டியிருக்கவில்லை. என் அண்ணனைச் சண்டைக் காலத்தில் ஒரு பின்னேரம் எங்கள் வாசலில் வைத்துத்தான் கொண்டுபோனார்கள். அதன் பிறகு வருடா வருடம் அம்மா சடங்கில் போய்க் கேட்பாள், "வருவான்" என்று வாக்கு வரும், இன்னொரு வருடம் காத்திருப்பாள். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று வந்த உத்தியோகத்தரை வாசல் கூட்டுகிற தும்புத்தடியால் துரத்தினாள். எனக்கு அந்த "வருவான்" என்பதைக் கேட்டாலே வயிறு எரியும். அதனால் என் அம்மனையாவது உண்மை பேச வைத்தேன். தேடியது போதும், மகன் உப்புத் தண்ணீர் ஓரத்தில், மூன்று கண்டல் மரங்களுக்குக் கீழே, வலப்பக்கம் சரிந்து படுத்திருக்கிறான், இனி அவனுக்கு விளக்கு வை.

மூன்று மரம், வலப்பக்கம் எல்லாம் நிஜம் போலத் தெரியட்டும் என்று போட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள், இதை நான் தமிழில் எழுதவே இல்லை. முதலில் கிரேக்கத்தில் செய்யுளாகக் கட்டினேன், அந்த வித்தையைக் காட்ட எனக்கு வேறு எங்கே இடம்? பிறகு அதை ஆங்கிலமாக்கி, தமிழிலிருந்து மொழிபெயர்த்தது என்று கூசாமல் அடிக்குறிப்பும் போட்டேன். நல்ல புள்ளி கிடைத்தது. அதற்குப் பிறகு அந்த ஆய்வை ஒரு சீவனும் திறந்திருக்காது.

படித்து முடித்து வந்த வைகாசியில் அம்மா என்னையும் சடங்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். மத்தியானப் பூசை, உச்சி வெயில், பறைச் சத்தத்தில் காது அடைத்துவிட்டது. தெய்வம் ஆடியவர் வாவியில் இறால் பிடிக்கிற மனிதர், கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைக்கிறவர். அம்மா கையைக் கூப்பிக்கொண்டு, "என்ட புள்ள எப்ப தாயே வருவான்?" என்றாள். வழக்கமான பதில் வரப்போகிறதே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"தேடினது காணும்," என்றார் அவர். "உப்புத் தண்ணி ஓரத்தில, மூணு கண்டலுக்குக் கீழ, வலப்பக்கமாச் சரிஞ்சி படுத்திரிக்கான். இனி அவனுக்கு வெளக்கு வை."

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். என் வரிகளுக்கு அந்த நிமிடம் வரை தமிழே இருக்கவில்லை. அம்மா அழவில்லை, அப்படியே மண்ணில் குந்திவிட்டாள். அவர் வேப்பிலையோடு என் பக்கம் திரும்பினார்.

"நாலாவதா ஒண்டு எழுதிப்போட்டு அழிச்சியே மகள், அதையும் சொல்லட்டா?"

"வேணாம்," என்றேன். கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

மறுநாள் அவரைத் தேடிப் போய் வாக்கைப் பற்றிக் கேட்டேன். வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். "ஆடக்குள்ள என்ன சொன்ன எண்டு எனக்கெப்பிடிப் புள்ள தெரியும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அடுத்த வாரமே அம்மா போய் மரணச் சான்றிதழுக்குக் கையெழுத்து வைத்தாள். பிறகு வாவிக்கரை நெடுகத் தனியாக நடந்து, மூன்று கண்டல் சேர்ந்து நிற்கிற ஒரு இடத்தைக் கண்டுபிடித்து, வெள்ளிக்கிழமை தோறும் அங்கே விளக்கு வைக்கிறாள். "அம்மன்ட வாயால உண்ம வந்திச்சி மகள், இப்பதான் எனக்கு நித்திர வருது," என்கிறாள். அதை எழுதியவள் நான் என்று எந்த முகத்தோடு சொல்வது? அண்ணன் எங்கேயாவது உயிரோடு இருந்தால் அவனுக்குச் சாவு எழுதியவள் நான். இல்லை, அங்கேதான் கிடக்கிறான் என்றால், எனக்கு அது எப்படித் தெரிந்தது? யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. அம்மா விடமாட்டாள்.

இதையெல்லாம்கூட எப்படியோ தாங்கிக்கொண்டேன். அந்த நாலாவது வரியைத்தான் தாங்க முடியவில்லை. விடுதி அறையில் பென்சிலால் கொப்பியில் எழுதி, நாடகம் மாதிரி இருக்கிறது, வாசிப்பவர் சந்தேகப்படுவார் என்று உடனே அழித்துவிட்டேன். அதுவும் கிரேக்கத்தில்தான், ஒரு குஞ்சும் பார்க்கவில்லை. அது இதுதான்: அவனைக் காட்டிக் கொடுத்தவன் இன்றும் உன் கையால் சோறு வாங்கித் தின்கிறான்.

அம்மா சோற்றுப் பார்சல் கட்டி விற்கிறவள். அதில்தான் என்னைப் படிப்பித்தாள். மத்தியானமானால் பாதி ஊர் எங்கள் படலைக்கு முன்னால் நிற்கும், மேசன்மார், ஆட்டோக்காரர், சொந்தக்காரர். "குழம்பு இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க அக்கா," என்பார்கள், அம்மா சிரித்துக்கொண்டே ஊற்றிக் கட்டுவாள். லீவு நாட்களில் பார்சலை எடுத்துக் கொடுப்பது நான். நீட்டுகிற ஒவ்வொரு கையையும் பார்க்கிறேன்.