தலையில் போட்ட ரோட்டு

முடி கொட்டுதுன்னு வாயத் தெறந்து சொல்லிடக் கூடாது. சொன்னா ஊரே வைத்தியம் பாக்க வந்துரும். எனக்கு மொதல்ல கோவம் வந்ததே அதுலதான். முடி கொட்டுன கோவம் எல்லாம் அப்புறம்தான் வந்துச்சு.

கந்தப்பளைக்கு மேல இருக்குற ஒரு தோட்டத்துல இருவது வருஷத்துக்கு மேல கொழுந்து எடுக்குறேன். எங்க கூடையத் தெரியாதவங்களுக்கு சொல்லிடுறேன். கூடை முதுகுல தொங்கும். ஆனா அதோட கயிறு தோள்ல மாட்டுறதில்ல, உச்சந்தலையில ஏறி ஒக்காரும். அப்பதான் ரெண்டு கையும் சும்மா இருக்கும், கொழுந்த ஒடிச்சு ஒடிச்சு தோளுக்கு மேலால பின்னுக்கு வீச முடியும். கயித்துக்கு அடியில ஒரு துணிய மடிச்சு வச்சுக்குவோம். மழ வந்துட்டா துணியும் நனைஞ்சு கொழுந்தும் நனைஞ்சு, மொத்தப் பாரமும் அந்த உச்சியிலதான் வந்து நிக்கும். காலையில பெரட்டுல, வேலைக்கு ஆள் பிரிக்கிற எடத்துல, பேர் குடுத்துட்டு மலைக்கு ஏறுனா, சாயந்தரம் கொழுந்து நிறுக்குற வரைக்கும் அதே கயிறு, அதே எடம்.

ஒரு ஞாயித்துக்கெழம, மலையில இருந்து தண்ணி வந்து விழுற பீலியில தல முழுகிட்டு குனிஞ்சு முடிய ஒதறிக்கிட்டு இருந்தேன். பக்கத்து காம்பராக்காரி, லயத்து வரிசையில எனக்கு அடுத்த ரூமுக்காரி, என் பின்னாடி நின்னவ சத்தம் போட்டா. "அடியாத்தி! அக்கா, ஒன் உச்சியில ரோட்டு போட்டிருக்கே! தோட்டத்துக்குத்தான் ரோட்டு போட்டுத் தர மாட்டேங்குறாங்க, ஒன் தலைக்காவது போட்டாங்களே!"

பீலியில நின்ன அத்தன பேரும் சிரிச்சாங்க. நானும் கூடச் சேந்து சிரிச்சுத் தொலைச்சேன். வீட்டுக்கு வந்து கதவச் சாத்திட்டு கைய வச்சுப் பாத்தா, ஒரு காதுப் பக்கத்துல இருந்து மறு காதுப் பக்கம் வரைக்கும் உச்சி வழியா ஒரு பட்டை. முடி இல்ல. வெறும் தோலு. அழுகை வரல. பத்திக்கிட்டு வந்துச்சு, யாரு மேலன்னுதான் தெரியல.

அந்த பக்கத்து காம்பராக்காரி என்னைய விட சின்னவ, ஆனா எனக்கு முன்னாடியே கூடை தூக்குனவ. அவதான் மொத வைத்தியர். கண்ணூறுன்னா. சூடுன்னா. தேங்கா எண்ணெயில செம்பருத்திப் பூவும் கருவேப்பிலையும் சின்ன வெங்காயமும் போட்டுக் காய்ச்சி, தெனமும் காலையில மலைக்குப் போறதுக்கு முன்னாடி நல்லா அப்பிக்கிட்டு போன்னா. அவளே காய்ச்சியும் குடுத்தா. நான் ஒரு கூறு கெட்டவ, அப்பிக்கிட்டேன். எண்ணெ வச்ச தலையில கயிறு நிக்குமா? வழுக்கும். வழுக்குதுன்னு இன்னும் இறுக்கிக் கட்டுனேன். சாயந்தரம் தண்ணி ஊத்திக்கிட்டு, நம்ம குளிருக்கு எங்க காயும், ஈரத்தோட அள்ளி கொண்ட போட்டுக்கிட்டு படுத்தேன். கொஞ்ச நாள்ல உச்சியில சின்னச் சின்ன கொப்புளம் வந்து சீழ் வச்சிருச்சு. "பாத்தியா, கெட்டதெல்லாம் வெளிய வருது"ன்னு அதுக்கும் ஒரு விளக்கம் சொன்னா மகராசி.

வீட்டுக்காரர்கிட்ட காட்டுனேன். "இந்த வயசுல ஒன் தலைய யாரு பாக்கப் போறா? வேலையப் பாப்பியா"ன்னாரு. அவருக்கு முன்மண்டை எப்பவோ காலி. அத யாரும் கேக்குறதும் இல்ல, அவரு எந்த எண்ணெயும் அப்பிக்கிறதும் இல்ல. அன்னைக்கு ரொட்டி சுட்ட கல்லத் தூக்கி அவரு தலையில போட்டிருப்பேன், அடுப்பு சூட்டுல கை சுட்டதால தப்பிச்சாரு.

அடுத்து மொட்ட. எங்க தோட்டத்து மாரியம்மனுக்கு முடி குடுத்தா திரும்ப அடர்த்தியா மொளைக்கும்னு பீலியில ஒரே பேச்சு. எல்லாரும் சொன்னாங்க, ஒருத்தி விடாம. வேண்டிக்கிட்டேன். திருவிழா அன்னைக்கு மொட்ட அடிக்க வந்த மனுசன் என் தலைய நனைச்சு கத்திய வச்சவரு, உச்சிக்கு வந்ததும் நிறுத்திட்டாரு. "தங்கச்சி, இந்த எடத்துல கத்திக்கு வேலையே இல்லையே"ன்னாரு. அத்தன பேருல உண்மையச் சொன்ன ஒரே ஆளு அவருதான். நான் அவரு மேலயும் எரிஞ்சு விழுந்தேன்.

மொளைச்சுச்சு. நல்லாத்தான் மொளைச்சுச்சு. காதோரம், பிடரி, நெத்திப் பக்கம் எல்லாம் கருகருன்னு வந்துச்சு. நடுவுல மட்டும் அந்த ரோட்டு. மொதல்ல நீளமான முடி விழுந்து கொஞ்சம் மறைச்சுக்கிட்டு இருந்துச்சு, இப்ப அந்த மறைப்பும் போச்சு. கோயிலுக்குப் போயி வாசல்ல நின்னு சண்ட போட்டேன். "ஆத்தா, வாங்கிக்கத் தெரிஞ்ச ஒனக்கு திருப்பிக் குடுக்கத் தெரியலயா?"ன்னு சத்தமாவே கேட்டேன். பூசாரி வெளிய வந்து பாத்துட்டு உள்ள போயிட்டாரு.

கொப்புளம் ஆறவே இல்ல. வேலைக்குப் போகாம ஒரு நாள் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுனேன். தோல் பாக்குறவங்க ஒரு சிங்கள டொக்டர் நோனா, சின்ன வயசுதான். என் சிங்களம் சந்தையில கெழங்கு வாங்குற சிங்களம். அவங்க லைட்டு பிடிச்சு, வெரல வச்சு, அந்த ரோட்டு மேல ஒரு பக்கத்துல இருந்து மறு பக்கம் வரைக்கும் தடவிப் பாத்தாங்க. அப்புறம் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி கூடை மாட்டுற மாதிரி காட்டி, "லணுவத?"ன்னு கேட்டாங்க. கயிறான்னு.

எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. இருவது வருஷமா தெனமும் நானே எடுத்து என் தலையில மாட்டுற கயிறு. கண்ணூறு, சூடு, சாமி குத்தம் எல்லாம் யோசிச்சவளுக்கு அது மட்டும் ஏன் தோணல?

டொக்டர் நோனா பொறுமையா சொன்னாங்க, புரியாதத கூட இருந்த நர்சு தமிழ்ல சொன்னாங்க. கயித்துக்கு அடியில எண்ணெ கூடவே கூடாது, அதுதான் அழுக்கோட சேந்து துவாரத்த அடைச்சு சீழ் வச்சிருக்கு. தலையக் கழுவி நல்லாக் காய வச்சுத்தான் கட்டணும். கொப்புளத்துக்கு ஒரு களிம்பு. அதெல்லாம் சரி, முக்கியமானது கடைசியாத்தான். ரோட்டு நடுவுல சில எடம் மினுமினுன்னு ஆயிருச்சு, அங்க வேர் செத்துப் போச்சு, இனி எந்த மருந்துக்கும் வராது. ஆனா ரெண்டு ஓரத்துலயும் பஞ்சு மாதிரி பூன முடி நிக்குது. அது உசுரோட இருக்கு. இப்பவே கயித்த எறக்குனா அது முடியா வரும். எறக்கலேன்னா அதுவும் போயிரும்.

கெளம்பும்போது டொக்டர் நோனா கேட்டாங்க, ஒங்க லயத்துல மத்தவங்களுக்கும் இப்படி இருக்கான்னு. தெரியாது நோனான்னுட்டு வந்துட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கெழம பீலியில நான் குளிக்கல. மேட்டுல ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். தண்ணி விழுந்து முடி ஒட்டுனதும் ஒவ்வொருத்தி உச்சியிலயும் தெரியுது. ஒருத்திக்கு ஒத்தையடிப் பாத, ஒருத்திக்கு லொறி போற அகலம். பக்கத்து காம்பராக்காரிக்கு எல்லாரையும் விட அகலம். தண்ணி வடிஞ்சதும் ஒரு பக்கத்து முடிய எடுத்து மறு பக்கம் போட்டு கிளிப்பு குத்தி மூடிட்டா. அவ பக்கத்துல அவ மக நின்னா, போன மாசம்தான் கூடை தூக்குன பொண்ணு, இடுப்பு வரைக்கும் பின்னலு.

எறங்கிப் போயி கத்துனேன். "அடிப்பாவிகளா! ஒங்க எல்லாருக்கும் இருக்கா? இருந்துக்கிட்டா என்னைய மொட்ட அடிக்க விட்டீங்க?"

பக்கத்து காம்பராக்காரிதான் துண்ட முறுக்கிக்கிட்டே சொன்னா. "கோவிச்சுக்காத அக்கா. ஒனக்கு மொளைச்சா நாங்களும் அடிச்சுக்கலாம்னு இருந்தோம்."

என்ன சொல்லித் திட்டுறது இதுக்கு? சொல்லுங்க.

மறுநாள் பெரட்டுல கண்டாக்கு ஐயாகிட்ட போனேன். மலையில எங்கள மேய்க்கிற அதிகாரி அவருதான். ஐயா, டொக்டர் கயிறு மாட்டக் கூடாதுங்கிறாங்க, கொஞ்ச நாளைக்கு புல்லு வெட்டுற வேலையாவது குடுங்கன்னு கேட்டேன். அவரு சிரிச்சாரு. "ஏம்மா, ஒங்க அம்மா தூக்கல? அவங்களுக்கெல்லாம் முடி கொட்டலயே?"ன்னாரு.

எங்கம்மா உச்சிய நான் பாத்ததே இல்ல. சாகுற வரைக்கும் சீலத் தலப்ப தலையில இருந்து எடுத்ததில்ல அவங்க. மரியாதைக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். கண்டாக்கு ஐயா முன்னாடி நின்னுக்கிட்டு இருக்கும்போதுதான் அது எனக்கு வெளங்குச்சு. வாயில வந்தத முழுங்கிட்டு மலைக்குப் போனேன்.

அன்னைக்கு சாயந்தரம் ஒரம் வந்த சாக்கும் பழைய சீலையும் எடுத்து வச்சுக்கிட்டு ஒக்காந்தேன். தோளுக்கு ரெண்டு பட்டி, நெஞ்சுக்கு குறுக்க ஒண்ணு, கூடைய முதுகோட சேத்துக் கட்டுற மாதிரி தைச்சேன். மறுநாள் அத மாட்டிக்கிட்டு தேயிலச் செடி நெரையில எறங்குனா மலையே சிரிக்குது. "இஸ்கூலுக்கா அக்கா? டீச்சர் வந்துட்டாங்களா?" கத்துனது வேற யாரு, பக்கத்து காம்பராக்காரிதான். கூடை கீழ எறங்கி நிக்குது, வீசுன கொழுந்து பாதி வெளிய விழுது, தோள் ரெண்டும் கழண்டு போற மாதிரி வலி. நிறுத்தா கொற. அரைப்பேர்தான் போட்டாங்க, அரை நாள் சம்பளம். அடுத்த நாளும் அரைப்பேர். வீட்டுக்காரரு எகிறுனாரு. "முடிக்காக பேர விடுறியா? புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?"

"ஆமா, முடிக்காகத்தான்"னேன். "இந்த காம்பரா தோட்டத்தோடது. இந்த கூடை தோட்டத்தோடது. வாசல்ல வச்சிருக்குற கத்திரிச் செடிக்கு கீழ இருக்குற மண்ணும் தோட்டத்தோடது. முடி என்னோடது. எனக்கு அது வேணும்."

பட்டிய நான் அவுத்து அவுத்து தைச்சேன். ஏத்திக் கட்டிப் பாத்தேன், கூடைய ஒரு பக்கமா சாச்சுப் பாத்தேன். கை பழக ரொம்ப நாள் ஆச்சு. பழகுனப்புறம் முழுப்பேர் வர ஆரம்பிச்சுச்சு. கொப்புளம் காஞ்சு உதிந்துருச்சு. ஒரு நாள் தலையில கைய வைக்கிறேன், ரோட்டு ஓரத்துல நறுக்குன்னு குத்துது. கண்ணாடிய எடுத்துட்டு வெளிச்சத்துக்கு ஓடுனேன். முடி. சின்னது, ஆனா கருப்பு முடி. நடுவுல மினுமினுன்னு இருந்த எடம் அப்படியேதான் இருக்கு, அது வராது. ரெண்டு பக்கமும் ரோட்ட சுருக்கிக்கிட்டு வருது. ஒக்காந்து அழுதேன், அன்னைக்குத்தான்.

போன மாசம் தோட்டத்துக்கு வெளிநாட்டுக்காரங்க கொஞ்சப் பேர் பெரிய கேமராவோட வந்தாங்க. கண்டாக்கு ஐயா நெரையோரமா வந்து நின்னு, "ஏம்மா, அந்த பட்டிய கழட்டிட்டு கயித்த தலையில மாட்டு. ஒரு அஞ்சு நிமிசம்தான்"னாரு.

"எதுக்குங்க ஐயா?"

"அப்பதாம்மா படம் அழகா இருக்கும்."

இவ்வளவு நாளும் முழுங்குனது அவ்வளவும் வாய்க்கு வந்துச்சு. தலையில இருந்த துணிய இழுத்துப் போட்டுட்டு அவரு முன்னாடி குனிஞ்சு நின்னேன். "இத எடுக்கச் சொல்லுங்க ஐயா. இதுக்குப் பக்கத்துல கயித்தையும் வச்சு எடுக்கச் சொல்லுங்க. ரெண்டும் சேந்தா இன்னும் அழகா இருக்கும்." கேமராக்காரங்களுக்கு ஒண்ணும் புரியல. கண்டாக்கு ஐயாவுக்கு மூஞ்சி செவந்துருச்சு. என்னைய விட்டுட்டு பக்கத்து நெரைக்குப் போனாரு. பக்கத்து காம்பராக்காரி கயித்த உச்சியில நல்லா ஏத்தி வச்சுக்கிட்டு பல்லக் காட்டி சிரிச்சா. எடுத்துக்கிட்டுப் போனாங்க.

எறங்கி வரும்போது அவகூட பேசல நான். அவளா பின்னாடியே வந்து, பீலிக்குப் பக்கத்துல என் கையப் பிடிச்சு நிறுத்துனா.

"என்னாடி?"ன்னேன். "சிரிச்சியே, அங்கயே போ."

"சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சேன்." துணிய எடுத்தா, கிளிப்பக் கழட்டுனா, என் முன்னாடி குனிஞ்சா. "டொக்டர் சொன்னாங்கன்னு சொன்னியே, அந்த பஞ்சு முடி எனக்கு இருக்கா பாரு அக்கா."

பாத்தேன். வெளிச்சத்துக்குத் திருப்பியும் பாத்தேன். வெரல வச்சு ரெண்டு ஓரமும் தடவிப் பாத்தேன். காதுல இருந்து காது வரைக்கும் கழுவி வச்ச பீங்கான் மாதிரி மினுங்குது. ஒண்ணும் இல்ல.

பொய் சொல்ல எனக்கு மனசு வரல. இந்த தலைக்கு எவ்வளவு பொய்ய கேட்டாச்சு. "இல்லடி"ன்னேன்.

அப்புறம் நிமிந்து முடிய இழுத்துப் போட்டு கிளிப்ப குத்திக்கிட்டா.

"சரி, எனக்கு கயிறே போதும்"னா. "எம் மகளுக்கு ஒரு பட்டி தைச்சுக் குடு."

அன்னைக்கே தைச்சேன். அவ்வளவு கோவத்துல தைச்சேன், ஊசி முறிஞ்சுது. வேற ஊசி எடுத்துத் தைச்சேன்.