பரிபூரணம் ரிசைன் பண்ணவில்லை

செட்டியார்பட்டி பரிபூரணத்துக்கு வயது நாற்பத்து நான்கு. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பத்தொன்பது வருடமாக அறுந்த நூலை ஒட்டும் வேலை. பஞ்சுத் தூசியை வெளியே தள்ளும் ஃபேன் மூன்று மாதமாக ஓடவில்லை என்று, ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் எல்லார் முன்னாலும் சொன்னாள். அதுதான் அவள் செய்த குற்றம்.

மறுவாரம் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் கௌதம்ராஜ் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"உங்கள ரிசைன் பண்ணியாச்சும்மா. ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

முழுக்க இங்கிலீஷ். பன்னிரண்டாவது வரை படித்தவளுக்கு முதல் சொல் 'ஐ' என்பது புரிந்தது. நான். அவள் எழுதாத காகிதத்தில் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வாரேன் சார்," என்று காகிதத்தோடு எழுந்துவிட்டாள்.

ஷிஃப்ட் முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். அங்கே நூலகத்தில் வேலை பார்க்கும் மாரீஸ்வரி அவளோடு பள்ளியில் படித்தவள். இருவரும் தடித்த அகராதியைப் புரட்டி 'ரிசைன்' என்ற சொல்லைத் தேடினார்கள். தானாக முன்வந்து வேலையை விடுதல் என்பது முதல் அர்த்தம். நடப்பதை ஏற்று அடங்கிப்போதல் என்று இன்னொன்று. அதைப் படித்ததும் பரிபூரணத்துக்கு முகம் சுண்டியது. அந்தச் சொல் பிறந்த இடம் லத்தீன். அங்கே அதற்கு அர்த்தம் முத்திரையை உடைப்பது, ரத்து செய்வது.

"யாரு முத்திரைய யாரு ஒடைக்கிறது?" என்றாள்.

"ஒன்னோடத நீதான் ஒடைக்கணும். 'ஐ ரிசைன்'னு நீ சொல்லலாம்ட்டி. ஒன்னைய ரிசைன் பண்ணிட்டேன்னு இன்னொருத்தர் சொல்ல இங்கிலீஷ்ல எடமே இல்ல. அவிய வெளியே அனுப்புனா அதுக்குப் பேரு டிஸ்மிஸ்."

மறுநாள் காலையில் பரிபூரணம் காகிதத்தை மேசையில் திருப்பித் தள்ளினாள்.

"இந்தச் சொல்ல நாந்தான் சொல்லணும் சார். நான் சொல்லல. நான் வேண்டாம்னா டிஸ்மிஸ்னு நீங்க எழுதுங்க. காரணத்தையும் எழுதி, நீங்க கையெழுத்துப் போடுங்க."

"எதுக்கும்மா வம்பு? நீங்களாப் போனா மரியாதையா இருக்கும்."

"ஃபேன் ஓடலன்னு சொன்னேன். அதத்தான் காரணம்னு எழுதணும். எழுதுவியளா?"

அவர் எழுதவில்லை. கழிவுப் பஞ்சு பிரிக்கும் அறைக்கு அவளை மாற்றினார். அங்கே தூசி இன்னும் அதிகம். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு ஒருநாள்கூட லீவு போடாமல் போனாள். ஃபேனைப் பற்றி ஆய்வு அதிகாரிக்கு வாரம் ஒரு மனு அனுப்பினாள். ஐந்தாவது மனுவுக்குப் பிறகு அது ஓடியது. அவளைப் பழைய இடத்துக்குக் கூப்பிடவில்லை.

போன மாதம் வாட்ச்மேன் ராக்கப்பனை அதே மாதிரி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட அதே ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். பரிபூரணம் துணியை அவிழ்த்து உதறிவிட்டு அவரோடு உள்ளே போனாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.