எமரி பேப்பர் போட்ட ரிவால்வர்

பத்தொன்பதாம் நூற்றாண்டு பாக்கெட் ரிவால்வர் மூணு என்கிட்ட இருக்குன்னு சொன்னா, கேக்கிறவங்க முதல்ல ஒரு அடி பின்னால நகருவாங்க. அப்புறம் "சுடுமா?"ன்னு கேப்பாங்க. சுடாது. அதுக்கான தோட்டாவே இப்ப கிடையாது. சுடாத பழம்பொருள், லைசென்ஸ் தேவையில்லைன்னு காகிதமும் இருக்கு. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்.

மூணுல ஒண்ணுதான் என் உசிர். நாங்க இருக்கிற ஹைதராபாத்துல, பழைய சிட்டியில ஒரு ஹவேலியை, அந்தக் காலத்து மாளிகையை, காலி பண்ணினப்ப வாங்கினது. உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். பாக்கெட்ல மாட்டிக்காம இருக்க ட்ரிக்கரை மடிச்சு வெச்சுக்கலாம். பார்த்தவங்க எல்லாரும் ஐரோப்பா சரக்குன்னாங்க. ஆனா கைப்பிடியோட முதுகுப் பக்கம், கறுத்துப்போன இரும்புல, லேசா கீறின ஒரு வரி எழுத்து இருந்தது. வெளிச்சத்தைச் சாய்ச்சுப் பிடிச்சா உருது மாதிரி தெரியும், நேராப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. இந்த ஊர்க் கொல்லன் எவனோ ஐரோப்பா துப்பாக்கியைப் பார்த்து அப்படியே செஞ்சு, தன் பேரை எழுதி வெச்சிருக்கான்னு என் சந்தேகம். அந்த ஒரு வரியைப் படிக்கணும்னு ஏழு வருஷமா கிடந்து தவிச்சேன்.

என் போன்ல படம் எடுத்தா கலங்கலா வந்தது. காலேஜ் போற பொண்ணுகிட்ட நல்ல போன் இருக்கு. "நான் எடுத்துத் தர்றேன்ப்பா"ன்னு எத்தனையோ தடவை கேட்டா. விட்டேனா? கை வேர்வை பட்டா துருப்பிடிக்கும், தொடாதேன்னு விரட்டினேன். வீட்டுக்காரி கதை வேற. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு லேப்டாப், மிக்ஸி, ஸ்கூட்டர் எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுட்டு, "இந்த வீட்ல நிஜமான ஆயுதம் அதுதான், அதுக்கு மட்டும் பொட்டு கிடையாதா?"ன்னு வம்புக்கு இழுப்பா. நான் பீரோவைப் பூட்டி சாவியைச் சட்டைப் பையில போட்டுக்குவேன்.

கடைசியா, தார்நாகாவுல உலோக ஆராய்ச்சி பண்ற நண்பர், உருதும் தெரிஞ்சவர், "ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்க, மைக்ரோஸ்கோப்புல வெச்சுப் படிச்சுடலாம்"னார். அந்த வாரம் பார்த்து தேர்தலை அறிவிச்சாங்க.

தேர்தல் வந்தா லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். லைசென்ஸே வேண்டாத என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்ல. ஆனா கூப்பிட்டாங்க. காரணம் நான்தான். அரசு தொழிற்சாலையில இருபது வருஷம் குப்பை கொட்டினவனுக்கு, எதையும் எழுதிக் கொடுத்து காப்பியில சீல் வாங்கினாத்தான் தூக்கம் வரும். ஒவ்வொண்ணும் வாங்கின அன்னைக்கே, யாரும் கேக்காமலே, ஸ்டேஷனுக்கு லெட்டர் கொடுத்திருந்தேன். அதை வெச்சே என்னை லிஸ்ட்ல சேர்த்துட்டாங்க. எந்தக் காகிதத்தைக் காட்டினாலும் ஹெட் கான்ஸ்டபிள் "லிஸ்ட்ல பேர் இருக்கே சார்"ங்கிறார். மூணையும் துணியில சுத்தி, "தொட வேண்டாம்"னு தெலுங்குல சீட்டு எழுதி ஒட்டி, கொடுத்துட்டு வந்தேன்.

தேர்தல் முடிஞ்சு திருப்பி வாங்கப் போனா, ஆபீசர் லீவு, சாவி இல்ல, அடுத்த வாரம் வாங்கன்னு நாலு தடவை அலைய விட்டாங்க. அஞ்சாவது தடவை ஹெட் கான்ஸ்டபிள் சிரிச்ச முகமா மூணையும் மேஜை மேல வெச்சார். மூணும் பளபளன்னு இருந்தது.

"தசராவுக்கு எங்க ஆயுதத்துக்கெல்லாம் பூஜை பண்ணினோம் சார். உங்களோடதை மட்டும் அழுக்கா விட மனசு வரல. எமரி பேப்பர் போட்டு துரு, கறுப்பு எல்லாம் போகத் தேய்ச்சேன், ரெண்டு மணி நேரம் ஆச்சு"ன்னார்.

"அந்தச் சீட்டைப் பார்க்கலையா?"

"பார்த்தேன் சார். அதனாலதான் வேற யாரையும் தொட விடாம நானே தேய்ச்சேன்."

கைப்பிடியில குங்குமம் காய்ஞ்சு ஒட்டியிருந்தது. திருப்பிப் பார்த்தேன். எழுத்து இருந்த இடத்துல என் மூக்கு தெரிஞ்சது. திட்டலாம்னு நிமிர்ந்தா, அந்த மனுஷன் முகத்துல அவ்வளவு பெருமை. தேங்க்ஸ் சொல்லிட்டு வந்தேன். அந்த தேங்க்ஸை நினைச்சா இன்னைக்கும் பத்திக்கிட்டு வருது.

நண்பருக்கு போன் பண்ணினேன். "ஆழமா அடிச்ச முத்திரைன்னா அடியில தடம் மிஞ்சும். லேசா கீறின எழுத்துன்னா, போனது போனதுதான்"னார்.

வீட்டுக்கு வந்து தேர்தல், லிஸ்ட், எமரி பேப்பர் எல்லாத்தையும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். வீட்டுக்காரி குங்குமத்தைப் பார்த்துட்டு உள்ள போயிட்டா. கேலி பண்ணியிருந்தாக்கூட தேவலைன்னு இருந்தது. பொண்ணுக்குக் கோவம் வந்தா தெலுங்குதான் வரும். "நேனு ஃபோட்டோ தீஸ்தானன்னானு கதா"ன்னா. நான் எடுக்கிறேன்னு சொன்னேனேன்னு அர்த்தம். சொன்னாதான். ஏழு வருஷத்துல ஒரு அரை நிமிஷம் அவ கையில கொடுத்திருந்தா அந்தப் பேர் எங்க வீட்ல இருந்திருக்கும். கொடுக்காதது போலீஸ் இல்ல.

அவ கையை நீட்டினா. "இப்ப தொடலாமாப்பா?"

கொடுத்தேன். ஜன்னலோரம் கொண்டுபோய், நான் செய்யற மாதிரியே வெளிச்சத்துல சாய்ச்சுச் சாய்ச்சு, இல்லாத எழுத்தை ரொம்ப நேரம் தேடிக்கிட்டிருந்தா.