கழுத்தில் ஒரு மங்கல்

இன்று ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பவர் டர்பன்டைன் போத்தலைத் திறந்ததும், ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இப்போது போன் கடை இருக்கும் இடத்தில், பாதி வரைந்த முகங்கள் சுவரோரம் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்த அந்த ஓவியர் கடை நினைவுக்கு வந்துவிட்டது. அப்போது சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்த அம்மாவிடமிருந்து மாதக்கணக்கில் போன் இல்லை. அவளுடைய பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக வரையக் கொடுத்திருந்த அப்பா, படத்தை வாங்க என்னையும் கூட்டிப் போயிருந்தார். எதற்கென்று ஓவியர் கேட்டிருக்கவில்லை, அப்பாவும் சொல்லியிருக்கவில்லை. ஓவியர் துணியை விலக்கினார். அம்மாவின் கழுத்தில் சந்தன மாலை.

“யாருங்க செத்துப்போனது?” என்றார் அப்பா, மிக மெதுவாக.

“சின்னப் போட்டோ கொண்டு வர்றவங்க எல்லாம் அதுக்குத்தாங்க வர்றாங்க.”

“அழிங்க.”

ஓவியர் டர்பன்டைனில் துணியை நனைத்துத் துடைக்கத் துடைக்க, மாலையோடு கழுத்தும் கரைந்துவிடுமோ என்று அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறு வருடம் ஊருக்கு வந்த அம்மா, தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் அந்தப் படத்தைப் பார்த்து, “கழுத்துகிட்ட ஏன் மங்கிக் கெடக்கு?” என்று கேட்டாள்.

“மழைக்குக் கூரைத் தகரம் ஒழுகுச்சு” என்றார் அப்பா.