எந்தக் கணக்கில் போடுவது

சாப்ட்வேரைச் சோதித்துப் பார்ப்பது என் தொழில். யாரோ எழுதியதை வாங்கி, எங்கே தட்டினால் உடையும், எதை மாற்றிக் கொடுத்தால் குழம்பும் என்று நோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்பதை என் அம்மாவால் இன்றுவரை நம்ப முடியவில்லை. "கொறை சொல்றதுக்குக் காசா? அத நீ சின்னப் புள்ளையிலேர்ந்து சும்மாவே செஞ்சியே" என்பாள். உண்மைதான். கோளாறு வருவதற்கு முன்பே அதைப் பற்றிக் கவலைப்படும் குணம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. அதையே தொழிலாக்கிக்கொண்டதில் ஒரு நஷ்டம். கணினியை மூடினாலும் கவலை மூடுவதில்லை.

பல வருடங்கள் எங்கள் ஊர் பாக்கார் ஆராங்கிலிருந்து பாலத்தைக் கடந்து பினாங்குத் தொழிற்சாலை ஒன்றுக்குப் போய்வந்தேன். ஒருநாள் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் சில மாதங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, முன்பு என்னுடன் வேலை பார்த்துவிட்டு ஆஸ்திரேலியாவில் குடியேறிய தோழி ஒரு வழி காட்டினாள். அங்கே பல் மருத்துவமனைகளுக்கு நேரம் பதிவு செய்யும் சாப்ட்வேரைத் தயாரிக்கும் சின்னக் கம்பெனி. வீட்டிலிருந்தே வேலை. ஆனால் நான் அவர்களுடைய ஊழியர் இல்லை, காண்ட்ராக்ட் ஆள். லீவும் கிடையாது, சேமநிதியும் கிடையாது. வேலை செய்தால் காசு, அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தோடு ஒரு கேள்வியும் வந்தது. காசை எப்படி அனுப்புவது? ஒரு வழி, கோலாலம்பூரில் உள்ள ஓர் ஏஜென்சி மூலமாக. அவர்கள் என்னைத் தங்கள் சம்பளப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, சேமநிதி கட்டி, மாதாமாதம் சம்பளச் சீட்டும் கொடுப்பார்கள். அதற்காக நல்ல பங்கு ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். இன்னொரு வழி, நேராக ஒரு வியாபாரக் கணக்குக்கு. தனிநபர் கணக்கெல்லாம் முடியாது, பதிவு செய்த தொழிலின் பெயரில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றிருந்தது.

வரக்கூடிய கோளாறுகளை எண்ண ஆரம்பித்தேன். ஏஜென்சி நொடித்துப்போனால்? நேராக வாங்கி, ஒரு மாதம் அவர்கள் அனுப்பாமல் இழுத்தடித்தால் நான் யாரிடம் போய் நிற்பது? சீக்காகிப் படுத்தால்? எங்கள் நாட்டு வெள்ளிப் பணத்தின் மதிப்பு மாறினால்? வருமான வரியை நானே கட்டும்போது தப்பாகக் கட்டித் தொலைத்தால்? சாப்பிடும்போதும் யோசித்தேன், துணி காயப்போடும்போதும் யோசித்தேன். பினாங்கிலிருந்த பழைய சிநேகிதிகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொல்லி என்னை இன்னும் குழப்பிவிட்டார்கள்.

என் கணவருக்கு ஏர்கோன், அதாவது ஏ.சி. மாட்டிப் பழுது பார்க்கும் வேலை. ஒரு வேன், ஓர் ஏணி, சொந்தப் பெயரில் பதிவு செய்த தொழில். பழுதான பெட்டிகளையெல்லாம் வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் போட்டுத்தான் பிரிப்பார். கம்ப்ரெசர் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு கடை விலைக்கு வந்தது. அதன்மேல் அவருக்கு உயிர். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேனை மெதுவாக ஓட்டுவார். கடைக்குக் கடன் வேண்டும். வங்கிக்காரர்கள் கணக்கில் காசு நன்றாகப் புழங்குகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

நான் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தவிப்பதைப் பார்த்து அவர் சிரித்தார்.

"எதுக்கு மண்டைய ஒடச்சிக்கிற? என் பிஸ்னஸ் கணக்குலயே போடச் சொல்லு-லா. ஏஜென்சிக்காரனுக்கு எதுக்கு வெட்டியா குடுக்கணும்? மாசாமாசம் காசு உள்ள வந்தா கணக்குலயும் ஓட்டம் தெரியும், பேங்க்காரனும் கடைக்கு ஓக்கே சொல்லுவான். ஒரே வீட்டுக் காசுதானே?"

அவர் சொன்னதில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை. நான் தனியாகத் தொழிலைப் பதிந்து, வங்கிக்கு அலைந்து, கணக்குத் திறப்பதற்குள் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். அவருக்கோ கடை. மனசு லேசானது போலிருந்தது. அவருடைய கணக்கு எண்ணை எழுதி அனுப்பிவிட்டு அன்று நன்றாகத் தூங்கினேன்.

முதல் இரண்டு வாரத்து வேலைக்கான காசு ஒரு செவ்வாய்க்கிழமை வர வேண்டும். அன்று காலை அங்கிருந்து கணக்குப் பிரிவுப் பெண் எழுதினாள். "பணம் வந்துவிட்டதா? இன்று மதியத்துக்குள் உறுதி செய்தால்தான் அடுத்ததை இந்த மாதச் சுற்றில் சேர்க்க முடியும்." மிக மரியாதையான இரண்டு வரிகள். அதற்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கணக்கு அவருடைய கைப்பேசியில் இருந்தது.

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சுங்கை லாலாங்கில் ஒரு தோட்ட ஆபீசில் ஏர்கோன் மாட்டப் போகிறேன் என்று காலையில் சொல்லிவிட்டுத்தான் போனார். வாட்ஸ்அப்பில் கேட்டேன். ஒற்றை டிக்கோடு நின்றது. மறுபடியும் கூப்பிட்டேன். வேலை ஓடவில்லை. ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முழித்தேன். வந்திருக்காது, எண்ணை மாற்றி எழுதியிருப்பேன் என்று தோன்றியது. வந்திருக்கும், ஆனால் யாருக்கோ போயிருக்கும் என்று தோன்றியது. மதியத்துக்குள் சொல்லாவிட்டால் நான் ஒரு பொறுப்பில்லாதவள் என்று முடிவு கட்டிவிடுவார்கள் என்றும் தோன்றியது. கடைசியில் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பீடோங் பக்கம் திரும்பி, செம்பனை மரங்களுக்கு நடுவே மண் ரோட்டில் போய்ச் சேர்ந்தபோது முதுகெல்லாம் வேர்வை. ஆபீஸ் சுவரில் சாத்திய ஏணியின் உச்சியில் அவர் இருந்தார். தலையில் துண்டு, வாயில் இரண்டு திருகாணி. என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார்.

"என்னாச்சு? அம்மாவுக்கு ஏதாச்சுமா?"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. காசு வந்துருச்சான்னு கேக்க வந்தேன்."

திருகாணிகளைக் கையில் துப்பிக்கொண்டு சிரித்தார். "அலாமா, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே? காலையிலயே வந்துருச்சே. சப்ளையர்காரன் நச்சரிச்சிக்கிட்டே இருந்தான், அவனுக்குப் போட்டு விட்டுட்டேன். ஏர்கோனுக்கு அடிக்கிற காஸ் தோங்கும் ரெண்டு எடுத்தாச்சு. காசு சும்மா கெடந்தா நல்லா இருக்காது-லா, வந்து வந்து போனாத்தான் ஓட்டம்."

ஏணிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் கண்ணில் அடித்தது. அவர் முகத்தில் துளி கள்ளம் இல்லை. அந்த நிமிடம் அவர் திருடராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும், கத்திவிட்டுப் போயிருப்பேன்.

"ஏன் ஒரு மாதிரியா நிக்கிறே?" என்றார். "ஒனக்கு எவ்வளவு வேணும்னு சொல்லு, போட்டு விடுறேன்."

கார் இன்சூரன்சு கட்ட வேண்டியிருந்தது. என் கணினிக்கு ஒரு புதுத் திரை வாங்க நினைத்திருந்தேன். அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்புவது வேறு. எல்லாம் நினைவிருந்தது. வாயைத் திறந்தபோது இன்சூரன்சுக்கு ஆகும் தொகையை மட்டும் சொன்னேன். அதிலும் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. என் காசு, நான் வேலை செய்து வாங்கியது, அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

காரில் ஏறி உட்கார்ந்து, கைப்பேசியில் அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதினேன். பணம் எனக்குக் கிடைத்துவிட்டது, நன்றி. அனுப்பிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கா கிடைத்தது? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அதற்கப்புறம் ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரிடம் சொன்னால் கடை கைவிட்டுப் போகும். சொல்லாவிட்டால் ஒவ்வொரு மாதமும் நான் அந்த ஏணிக்குக் கீழே நிற்க வேண்டும். பாலிங்கில் தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவைக் கூப்பிட்டுக் கொட்டித் தீர்த்தேன். அம்மா அறுபது வயதுவரை ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவள். அவளாவது என் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"இதுல என்னாடி இருக்கு? எனக்கும்தான் தனியா பேர் போட்டுச் சம்பளம். சம்பளம் போடுற கிராணி கூப்பிட்டா நான்தான் போயி வாங்குவேன். ஆபீசு படி எறங்குறதுக்குள்ள ஒங்கப்பா கையில குடுத்துருவேன். பஸ்ஸுக்குக் கேட்டா குடுப்பாரு, பொடவைக்குக் கேட்டா குடுப்பாரு. ஒரு நாளும் இல்லைன்னு சொன்னதில்ல, தெரியுமா?"

அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். அப்பாவின் நல்ல குணத்துக்கு அதுதான் அவள் கொடுக்கும் சான்றிதழ். போனை வைத்தேன். மறுநாள் காலை தொழில் பதிவு இலாகாவுக்குப் போய் வரிசையில் நின்றேன்.

கணவரிடம் சொன்னது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. வீட்டு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஏர்கோன் வலைகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார். எத்தனை விதமாகப் பேச்சை ஆரம்பிக்கலாம் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோய், "அடுத்த மாசத்துலேர்ந்து என் பேர்ல ஒரு கணக்குல போடச் சொல்லிட்டேன்" என்று போட்டு உடைத்தேன்.

அவர் குழாயை மூடினார். "என்னை நம்பலையா?"

"நம்புறேங்க. சத்தியமா நம்புறேன். கேக்கத்தான் புடிக்கல."

"யாரு ஒன்னக் கேக்கச் சொன்னா? சொன்னா போதுமே."

"ரெண்டும் ஒண்ணுதாங்க."

அவருக்கு அது புரியவில்லை. இத்தனைக்கும் அவர் நல்ல மனிதர். நான் இரவு பகலாக யோசித்துக் கண்டுபிடித்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. "அப்ப கடை?" என்றார். நான் தரையில் ஓடிய அழுக்குத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் குழாயைத் திறந்து மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

இருக்கிற கணக்கை வைத்து அவர் கடனுக்கு எழுதிப் போட்டார். இல்லையென்று பதில் வந்தது. என் காசு ஆறு மாதம் ஓடியிருந்தால் கிடைத்திருக்குமா என்று இருவருக்கும் தெரியாது. கிடைத்திருக்கும் என்று இருவரும் நினைத்தோம், பேசிக்கொள்ளவில்லை. இப்போது அந்தக் கடையில் கைப்பேசி உறை விற்கிறார்கள். அவர் அந்தப் பக்கம் போகும்போது வேனை மெதுவாக ஓட்டுவதில்லை.

என் பெயரிலான கணக்குக்கு முதல் முறை காசு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கைப்பேசி அதிர்ந்தது. பார்த்தேன், மூடினேன், மறுபடி பார்த்தேன். அந்தப் பெண் கேட்பதற்கு முன்பே வந்துவிட்டது என்று எழுதிவிட்டேன். யாரையும் கேட்காமல் அந்த வரியை எழுதியதில் ஒரு சந்தோஷம், கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு மைலோ கலக்கிக் குடித்தேன்.

மதியம் அவர் சாப்பிட வந்தார். கை கழுவிவிட்டு உட்காராமல் அடுப்படி வாசலிலேயே நின்றார். ஒரு சாப்பாட்டுக்கடைக்காரர் மூன்று ஏர்கோன் மாட்டிய காசை இழுத்தடிக்கிறார், அது எனக்குத் தெரியும். வேன் தவணை கட்ட வேண்டிய நாள் தாண்டிவிட்டது, அதுவும் தெரியும்.

"ஒன் காசு வந்துருச்சா?" என்றார்.

'ஒரே வீட்டுக் காசு' என்று சொன்ன வாய் அது.

"வந்துருச்சுங்க" என்றேன். குழம்பைக் கிளறிக்கொண்டே, சந்தோஷத்தில், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் சொன்னேன். "எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, போட்டு விடுறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் சட்டையின் ஓரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி ஒரு தொகையைச் சொன்னார். வேன் தவணை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அவர் சொன்னது அதைவிடக் குறைவு.