டீச்சர் போட்ட தபால் ஓட்டு

போன வாரம் என் மனைவியின் ஓட்டை என் கண் முன்னாலேயே செல்லாது என்று தூக்கிப் போட்டார்கள்.

ரகசிய வாக்கெடுப்பாயிற்றே... அது மனைவியின் ஓட்டுதான் என்று உனக்கு எப்படித் தெரிந்தது? நீங்கள் இப்படிக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவையே எடுத்தேன்.

எங்கள் காலனி அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில், ரயில்வே லைனை ஒட்டி இருக்கிறது. எந்த நகராட்சி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் நோட்டீஸ் வரும். அதையும் ரிஜிஸ்டர் தபாலில், நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து அனுப்புவார்கள்.

நெல் விளைந்த நிலத்தை மனை போட்டபோது ஆசிரியர்கள் சேர்ந்து சொசைட்டி வைத்து வாங்கிய இடம் இது. அதனால் தெருவில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் டீச்சர். என் மனைவி சுலோசனாவும் டீச்சர்தான். ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள்.

அந்த நிலத்தில் ஒரு கால்வாயும் இருந்தது. மழைத் தண்ணீர் வடிவதற்கு அது ஒன்றுதான் வழி. கான்ட்ராக்டர் ஏகாம்பரம் அதில் லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடினார். மூடிய இடத்தையும் மனையாக்கி விற்றுவிட்டார். அன்றிலிருந்து ஐப்பசி வந்தால் எங்கள் சமையல்கட்டில் தண்ணீர். அரிசி டின்னைப் பரண் மேல் ஏற்றிவிட்டுக் கட்டிலில் சம்மணம் போட்டுச் சாப்பிடுவோம்.

இந்த லட்சணத்தில், எத்தனையோ வருடம் இழுத்தடித்த பிறகு உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தார்கள். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கீடு. ஏகாம்பரம் கவலைப்படவில்லை, மனைவி பத்மாவதியை நிறுத்திவிட்டார். போஸ்டரில் அவர் படம் ஆள் உயரம். வேட்பாளர் படம் பாஸ்போர்ட் சைஸ்.

எதிர்த்து நின்றது தனலட்சுமி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு போல்ட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிற பெண். தெருக் கோடியில், பள்ளத்தில் வீடு. வெள்ளம் வந்தால் முதலில் அவள் வீட்டுக்குள் போய்விட்டுத்தான் எங்களிடம் வரும். கட்சி கிடையாது. அவளுக்குக் கிடைத்த சின்னம் வாளி. "பொருத்தமாத்தான் குடுத்துகீறாங்க சார். தண்ணி எறைக்கிறவளுக்கு வாளி" என்று சிரித்தாள்.

சுலோசனாவிடம் வந்து ஓட்டுக் கேட்டபோது மட்டும் அவள் சிரிக்கவில்லை. "டீச்சரம்மா, எங்கம்மா நாத்து நட்ட எடத்துலதான் உங்க ஊடு கீது. கால்வா எங்க போச்சுன்னு எங்களுக்கு நல்லா தெரியும். நான் ஜெயிச்சா அத்தத் தோண்டாம வுட மாட்டேன்."

"என் ஓட்டு உனக்குத்தான்" என்றாள் சுலோசனா.

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. மறுநாள் தேர்தல் டூட்டி ஆர்டர் வந்தது... வேலப்பன்சாவடி தாண்டி ஒரு கிராமத்தில்.

ஊரில் எல்லோரையும் ஓட்டுப் போட வைக்கிறவர்களால் தங்கள் ஊரில் ஓட்டுப் போட முடியாது. அதற்குத்தான் தபால் ஓட்டு. நல்ல ஏற்பாடுதானே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். நானும் சுலோசனாவும் தனலட்சுமியும் நகராட்சி ஆபீசுக்குப் போனோம். தேர்தல் பிரிவு கிளார்க் விண்ணப்பத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"டைம் முடிஞ்சிருச்சு சார். போலிங்குக்கு ஒரு வாரம் முன்னாடியே கொடுத்திருக்கணும்."

"டூட்டி ஆர்டரே நேத்துதானே வந்துது?"

"அது டூட்டி செக்‌ஷன். இது பேலட் செக்‌ஷன்."

"அப்ப ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே அப்ளை பண்ணணுமா?"

"ஆர்டர் இல்லாம எப்படி சார் அப்ளை பண்ணுவீங்க? காப்பி வைக்கணுமே" என்றார் அவர், எனக்குப் புத்தி சொல்கிற தோரணையில்.

புரிந்ததா? ஆர்டர் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. ஆர்டர் வந்த பிறகு விண்ணப்பித்தால் ஏற்க முடியாது. இந்த விதியைப் படித்து, பெரிய அறையில் மின்விசிறிக்கு அடியில் யோசித்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிய புண்ணியவான் எங்கேயோ இருக்கிறார். அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்திருக்கும்.

தனலட்சுமிதான் கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றினாள். "எலக்சன் டூட்டி பாக்கறவங்களுக்கு எலக்சன்ல ஓட்டு இல்லியா? இன்னா ஞாயம் சார் இது? உங்க ஆபீசர் எங்க கீறாரு, நான் கேட்டுக்கறேன்."

ஆபீசர் உள்ளே இருந்தார். கெடுவைத் தளர்த்த அவருக்கு அதிகாரம் உண்டாம். இருந்தும் அதுவரை யாரும் கேட்கவில்லையாம், அதனால் அவரும் தளர்த்தவில்லையாம். எங்கள் தெரு டீச்சர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்துத் தளர்த்தினார். சுலோசனா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். ஆர்டர் நகலில் ஒன்று, கொடுத்ததற்கு அடையாளமாக ரிஜிஸ்டரில் ஒன்று.

ஓட்டுச் சீட்டு ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. எப்போது? பகலில், டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது. வீட்டில் நான் இருந்தேன். பல வருடமாகப் பழகிய தபால்காரர், பண்டிகைக்குத் தவறாமல் வந்து நிற்கிறவர், "அம்மா கையிலதான் சார் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். ஊரில் இல்லாதவர்களுக்கு என்றே ஒரு ஓட்டு. அதை வாங்க ஊரில், வீட்டில், வாசலில் இருக்க வேண்டும். மறுநாள் அரை நாள் லீவு போட்டுத் தபால் ஆபீசில் நின்று வாங்கினாள். அங்கே ஒரு கையெழுத்து.

கவரைப் பிரித்தால் அதற்குள் ஒரு கவர், இன்னொரு கவர், ஓட்டுச் சீட்டு, உறுதிமொழிப் படிவம், ஒரு விளக்கத் தாள். உறுதிமொழியில் கெஜட்டட் ஆபீசர் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். இவரை எனக்கு நேரில் தெரியும் என்று அந்த ஆபீசரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தெருவில் கெஜட்டட் ஆபீசரை எங்கே தேடுவது? அரசு டாக்டர் ஒருவரிடம் போனோம். ஜுரத்தோடு உட்கார்ந்திருந்த நோயாளிகளுக்கு நடுவில் எங்களையும் வரிசையில் உட்கார வைத்தார்கள். முறை வந்தது. டாக்டர் சுலோசனாவின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், இவரை எனக்கு நேரில் தெரியும் என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். "எத்தன நாளா?" என்று வேறு கேட்டார். ஜுரத்தைக் கேட்கிறார் போலிருக்கிறது.

விளக்கத் தாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எறும்பு எழுத்து. 'யாதொரு', 'இடப்பட்டிருக்குமாயின்', 'செய்யத்தக்கதாகும்' என்று வாக்கியம் மூச்சு விடாமல் பக்கம் முழுக்க ஓடுகிறது. தமிழில்தான் இருந்தது. தமிழர்கள் யாரும் படித்துவிடக் கூடாது என்று சபதம் போட்டு எழுதிய தமிழ்.

சாயங்காலம் சுலோசனா மேஜையில் உட்கார்ந்தாள். காலாண்டுப் பரீட்சை பேப்பர் கட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க. ரகசிய ஓட்டு" என்றாள். போனேன். திரும்பி வந்தபோது கவருக்குள் கவரை வைத்துக் கோந்து தடவிக்கொண்டிருந்தாள். வெளிக் கவரிலும் ஒரு கையெழுத்து. போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, "அப்பாடா, தனலட்சுமிக்குச் சொன்ன சொல்லைக் காப்பாத்தியாச்சு" என்றாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஓட்டு எண்ணுகிற இடத்தில் தனலட்சுமிக்கு ஏஜென்டாக நான் உட்கார்ந்தேன். கட்சி இல்லாத வேட்பாளருக்கு வேறு யார் வருவார்கள்? எதிரே ஏகாம்பரம். முதலில் தபால் ஓட்டு. எங்கள் வார்டுக்கு வந்தவை ஆறு கவர், எல்லாம் எங்கள் தெரு டீச்சர்களுடையது. அதிகாரி பிரித்தார். முதல் சீட்டைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எங்களுக்கும் காட்டினார்.

வாளிக்கு நேராகச் சிவப்பு இங்க்கில் அழகான டிக். பக்கத்தில் சுருக்கொப்பம். கீழே தேதி.

"டீச்சருங்களா?" என்றார்.

பரீட்சைப் பேப்பர் திருத்துகிற கைகள் அவை. டிக் போட்டால் அதன் பக்கத்தில் ஒப்பமும் தேதியும் தானாக விழும். விழாவிட்டால்தான் ஹெட்மாஸ்டர் கேள்வி கேட்பார். இரண்டாவது சீட்டிலும் அதுவே. மூன்றாவதில் 'பார்வையிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்து. நான்காவது சீட்டில், 'சு' என்று ஆரம்பித்து வால் நீண்டு சுழித்துக்கொண்டு போகிற ஒப்பம். அந்தச் சுழியை எனக்குத் தெரியாதா? எங்கள் பையனின் ரேங்க் கார்டு முழுக்க அதுதான்.

ஓட்டுப் போட்டவர் யார் என்று தெரிகிற மாதிரி எந்தக் குறி இருந்தாலும் செல்லாது. ஆறும் செல்லாது. ஆறும் வாளிக்கு விழுந்தவை.

விதி சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் விண்ணப்பத்தில் போடு, நகலில் போடு, ரிஜிஸ்டரில் போடு, தபால் ஆபீசில் போடு, டாக்டர் முன்னால் போடு, கவர் மேல் போடு என்று ஒரு வாரமாக விரட்டி விரட்டிக் கையெழுத்து வாங்கினார்களே... ஒரே ஒரு இடத்தில் போடாதே என்பதை மட்டும் மனிதர் பேசுகிற தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லையா? வாயைத் திறந்து கேட்கவும் முடியவில்லை. இது என் மனைவியின் ஓட்டு என்று சொன்னால் ரகசியத்தைக் காக்கவில்லை என்று என் மேல் ஒரு விதி பாயும்.

ஏகாம்பரம் மெல்லச் சாய்ந்து, "இன்னா வாத்தியாரே, நம்ம தெரு டீச்சருங்க மார்க் போட்டுட்டாங்க போல கீதே" என்று சிரித்தார். என்னை அவர் எப்போதும் வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார், டீச்சர் வீட்டுக்காரன் என்பதால்.

மதியம் எல்லாப் பெட்டியும் எண்ணி முடித்தார்கள். பத்மாவதி நாலு ஓட்டில் ஜெயித்தார்.

மாலை போட்டார்கள். ஏகாம்பரத்துக்குத்தான்.

வீட்டுக்கு வந்து சுலோசனாவிடம் சொன்னேன், ஏகாம்பரம் சிரித்தது உட்பட. "நான் டூட்டி பார்த்த பூத்ல வந்தவங்க எல்லாம் முத்திரை குத்துனாங்க, தப்பு வரல. என் கையில பேனாவைக் கொடுத்துட்டு இனிஷியல் போடாதேன்னா எப்படிங்க" என்றாள். அப்புறம் தனலட்சுமி வீட்டுக்குத் தனியாகப் போனாள். என்ன பேசினார்களோ தெரியாது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. அன்றைக்கு அவள் பேப்பர் திருத்தவில்லை.

முந்தாநாள் மழை. விடிவதற்குள் சமையல்கட்டில் முழங்கால் தண்ணீர். தனலட்சுமி ஸ்டவ்வையும் துணி மூட்டையையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்கள் கட்டில் உயரம். இருவரும் அதன் மேல் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்கள். வாசலில் குரல் கேட்டது. கவுன்சிலரின் கணவர். வேட்டியைத் தொடை வரை தூக்கிக் கட்டியிருந்தார். கையில் பிளாஸ்டிக் கவருக்குள் டைப் அடித்த காகிதம்.

"நம்ம தெருவுக்கு கால்வா ஓணும்னு மேல எழுதிக்கினு கீறேன் டீச்சரம்மா. ஜனங்க கையெழுத்து இருந்தாத்தான் பைல் நகருமாம். மொத கையெழுத்து நீங்க போடுங்க."

பேனாவையும் அவரே நீட்டினார். கால்வாயை மூடியவரே கால்வாய் கேட்டு மனு எழுதிக்கொண்டு வந்து நிற்கிறார். தனலட்சுமி அரிவதை நிறுத்தினாள்.

சுலோசனா கட்டிலை விட்டு இறங்கவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சைக் கேட்கிற அதே நிதானமான குரலில் கேட்டாள்:

"நான் போட்டா செல்லாதுன்னு அன்னிக்குச் சிரிச்சீங்களே. இது மட்டும் செல்லுமா?"