இழுப்பு இல்லாத வண்டி

"ஏனம்மணி, மூக்குல மோந்து பாத்தா வண்டி ரிப்பேரு தெரிஞ்சுபோயிருமா? இதென்ன ரசமா, உப்பு சேந்துச்சான்னு பாக்கறதுக்கு?"

சுந்தராபுரம் பட்டறையில் மேஸ்திரி அண்ணன் என்னிடம் கேட்டது. கேட்டுவிட்டு அவரே முதலில் சிரித்தார். பிறகு பட்டறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன், அழுதால் கண் மை கையில் ஒட்டி, கை கிரீஸ் கண்ணில் ஒட்டும் என்பதால்.

இன்று காலை அந்தக் கேள்வி திரும்ப வந்தது. இப்போது நான் வேலை பார்ப்பது அவினாசி சாலையில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில். தரையில் டைல்ஸ், சுவரில் ஏசி, கையுறை போடாமல் பானட்டைத் தொடக்கூடாது. வெள்ளிக்கிழமை என்பதால் வரவேற்பில் இருக்கும் பெண் கம்ப்யூட்டர் சாம்பிராணி பற்றவைத்திருந்தாள். அந்தக் கறுப்புக் கிண்ணத்துக்கு இப்படிப் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ! கம்ப்யூட்டருக்கும் சாம்பிராணிக்கும் எந்த ஒட்டும் இல்லை என்று நானும் ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புகை மூக்கில் ஏறியதும் தும்மல் வருவதற்குப் பதிலாக அப்பாவின் வண்டி வந்தது.

பழைய டீசல் பிக்கப். அப்பா வாங்கும்போதே அது இரண்டு கை மாறி வந்திருந்தது. அதற்கு முன்பு அவர் தோட்டத்துக்காரர் ஒருவரிடம் டிராக்டர் ஓட்டினார். அவருக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அதே தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர்கள். கிணத்துக்கடவுக்குப் பக்கம் எங்கள் ஊர். பஸ் பலகையில் எழுதியிருப்பதை எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவள் நான். அதுவரை எல்லோரும் பஸ்ஸின் நிறத்தையும் கண்டக்டரின் மீசையையும் பார்த்துத்தான் ஏறினார்கள். ஒருமுறை கண்டக்டர் மீசையை எடுத்துவிட்ட அன்று அம்மா பொள்ளாச்சிக்குப் போகாமலேயே திரும்பி வந்துவிட்டாள்.

நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் எடுத்தபோது ஊரில் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "நம்ம வண்டிக்கு நம்ம ஊட்டுலயே டாக்டரு" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெருமைதான். எனக்கும் பெருமைதான், மறைக்க என்ன இருக்கிறது. சீருடைச் சட்டையில் பெயர் பொறித்துத் தந்தபோது அதைத் துவைக்காமல் ஒரு வாரம் போட்டுக்கொண்டவள் நான்.

அந்த வண்டியில் அப்பா உக்கடம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு வால்பாறைக்குப் போவார். எஸ்டேட் லயன் வீடுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கடைகளுக்கு எல்லாம் அவர்தான். கடை திறப்பதற்குள் தக்காளி மேலே போய்ச் சேர வேண்டும். சேரவில்லை என்றால் கடைக்காரர் அடுத்த வண்டியைப் பார்த்துக்கொள்வார். அவ்வளவு எளிமையான தொழில்.

ஒரு மழைக்காலத்தில், இறங்கும்போது ஒரு வளைவில் வண்டி வழுக்கி, தடுப்புச் சுவரை முத்தமிட்டு நின்றது. அப்பாவுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அம்மா வண்டிக்கு வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போட ஆரம்பித்தாள். நான் விடிந்ததும் பஸ் பிடித்துப் பட்டறைக்கு ஓடிவிடுவேன். அம்மா புகை போடுகிறாள் என்று தெரியும், எங்கே போடுகிறாள் என்று தெரியாது. மாலையில் வந்தால் வண்டி கோயில் மாதிரி மணக்கும். சீட், ஸ்டியரிங், அப்பாவின் துண்டு, தப்பித்தவறி மிச்சமான வெங்காயம்கூட.

பிறகு வண்டிக்கு இழுப்பு போனது.

எங்கள் பக்கத்தில் இழுப்பு என்ற சொல்லை எதற்கெல்லாம் சொல்வார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? மேடு ஏறும் வண்டியின் பலமும் இழுப்புதான், மூச்சுத் திணறும் நோயும் இழுப்புதான். வண்டிக்கு முதலாவது போய் இரண்டாவது வந்துவிட்டது. சமதரையில் ஒழுங்காக ஓடும். ஆழியாறு தாண்டி மலை ஏறத் தொடங்கினால், ஒன்பதாவது வளைவுக்கு மேல் அப்பா முதல் கியரிலேயே ஊர்வார். பின்னால் வரும் பஸ்காரர்கள் ஹாரன் அடித்தே அவரை அவமானப்படுத்தினார்கள்.

அப்பா என் பட்டறைக்கே வண்டியைக் கொண்டுவந்தார். மேஸ்திரி அண்ணன் டீசல் ஃபில்டரை மாற்றினார், இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார், டர்போவைச் சந்தேகப்பட்டார். ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால் ஒரு குறையும் காட்டவில்லை. "கம்ப்யூட்டரே நல்லாருக்குதுன்னு சொல்லுதுங்க" என்று அப்பாவிடம் கைவிரித்தார்.

ஏர் ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சென்சார் உண்டு. உள்ளே எவ்வளவு காற்று போகிறது என்று அளந்து சொல்வது அதன் வேலை. அது சொல்லும் காற்றுக்குத் தகுந்த டீசல்தான் எஞ்சினுக்குக் கிடைக்கும். அதன் முகத்தில் மெல்லிய படலம் படிந்தால் குறைத்துச் சொல்லும். கல்யாணப் பந்தியில் தலை எண்ணுகிறவர் கண்ணாடி அழுக்காகிப் பாதிப் பேரை விட்டுவிட்டால் பாதிப் பேருக்குத்தான் சோறு வரும், இல்லையா? எண்ணிக்கை ஏதோ ஒன்று வருவதால் ஸ்கேனரும் சந்தேகப்படாது. இதைப் படித்திருந்தேன். படித்தது என் வீட்டு வண்டியிலேயே வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

சொன்னேன். "ஏர் மாஸ் சென்சாரா இருக்குங்கண்ணா."

"மாஸா? எந்த ஹீரோவுதம்மணி?" என்றார் மேஸ்திரி அண்ணன்.

நான் சென்சாரின் சாக்கெட்டைப் பிடுங்கிவிட்டேன். காற்றளவு வராவிட்டால் எஞ்சின் கம்ப்யூட்டர் தானே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும். காய்கறி மூட்டைகளோடு அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து உக்கடம் மேம்பாலத்தில் ஏற்றினேன். சாக்கெட் இருந்தபோது முனகிய வண்டி, இல்லாதபோது விருட்டென்று ஏறியது. அப்பா டேஷ்போர்டைத் தட்டினார். "இழுக்குது கண்ணு! அடி ஆத்தீ, இழுக்குது!"

அப்படியே கழற்றிவிட்டு ஓட்டலாமே என்று அப்பா கேட்டார். கறும்புகை கக்கும், டீசலும் குடிக்கும், செக்போஸ்டில் நிறுத்துவார்கள் என்றேன். பட்டறைக்குத் திரும்பிச் சென்சாரைக் கழற்றினேன். அதன் நுண்ணிய முகத்தில் தேன் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அப்போதுதான் மேஸ்திரி அண்ணன் ரசத்தைப் பற்றிக் கேட்டார். மூக்கை எடுத்துக்கொண்டேன். லேசாகச் சாம்பிராணி வாசம் வந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் எங்கள் வண்டியை எங்கே மோந்தாலும் அந்த வாசம்தானே?

சென்சார் கழுவும் ஸ்பிரே அடித்து, துடைக்காமல் உலரவிட்டு மாட்டினேன். வண்டி மலை ஏறியது. அன்று அப்பா வால்பாறையிலிருந்து கேரட் வாங்கிக்கொண்டு வந்தார். கீழே இருந்து அவரே ஏற்றிக்கொண்டுபோன கேரட். சந்தோஷத்தில் என்ன வாங்குவது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

சில வாரங்களில் மறுபடி இழுப்பு போனது. மறுபடி சுத்தம் செய்தேன். மறுபடி போனது. புதுச் சென்சாரே மாட்டினோம். அதுவும் கொஞ்ச நாள் ஒழுங்காக எண்ணிவிட்டுப் பழையபடி குறைத்து எண்ணத் தொடங்கியது. குழாயில் ஓட்டை தேடினேன். எண்ணெய் ஏறி வருகிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. "மடச் சாம்பிராணியாட்ட அதையவே கழுவிட்டு நிக்காதம்மணி, வேற வேலயப் பாரு" என்றார் மேஸ்திரி அண்ணன். பாருங்கள், விடையை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அதற்குள் வால்பாறைக் கடைகள் ஒவ்வொன்றாக வேறு வண்டிக்குப் போய்விட்டன. அப்பா டீக்கடையில் டாக்டரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். என்னிடம் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை கடையடைப்பு. பட்டறை இல்லை. வீட்டில் இருந்தேன். காலையில் அப்பா பானட்டைத் திறந்து, ஏர் ஃபில்டரை எடுத்துக் கல்லில் தட்டித் தூசி போக்கி, வெயிலில் சாய்த்துவைத்தார். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்தார். அம்மா தணல் நிறைந்த கரண்டியோடு வந்தாள். சாம்பிராணிப் பொடியைத் தூவினாள். குபுகுபுவென்று எழுந்த புகையை, ஃபில்டர் இல்லாத அந்தக் காற்றுப் பெட்டியின் வாய்க்கு நேராகப் பிடித்தாள். புகை ஒரு பாம்பு புற்றுக்குள் போவதுபோல் வளைந்து உள்ளே போனது.

"பாரு கண்ணு, எப்புடி இழுக்குதுன்னு" என்றாள் முகம் மலர்ந்து. "சாமி பொகைய ஒரு துளி வெளிய உடாம வாங்கிக்குது. உள்ள போச்சுன்னா சக்கரம் வரைக்கும் காவலு."

"அம்மா, நிறுத்துங்கம்மா. அந்தப் பொகைதான் போய்ச் சென்சார்ல பிசினாட்ட ஒட்டுது. வண்டி இழுக்காததுக்கு அதானுங்க காரணம்."

அம்மா முதலில் புரியாமல் சிரித்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "ஏனுங்க, நானா? நானுங்களா கெடுத்துப்போட்டேன்?"

அப்பா வண்டியை அணைத்தார்.

"நீ என்ன கெடுத்தே. நீ பொகை போட்டுத்தான் நான் மலை ஏறி எறங்குனேன். போயி வேலயப் பாரு" என்றார் அம்மாவிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "நேத்து வெத்தல பாக்கு மாத்தியாச்சு கண்ணு" என்றார்.

சத்தியமங்கலத்துப் பூ வியாபாரி ஒருவருக்கு வண்டியைப் பேசி முடித்திருந்தார். எனக்குச் சொல்லவில்லை. வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டால் அப்பாவைப் பொறுத்தவரை அது முடிந்த விஷயம். பத்திரம், கையெழுத்து எல்லாம் அவரைப்போல் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிற்பாடு வந்த வேடிக்கை.

"சித்த நேரம் குடுங்கப்பா. சென்சாரக் கழுவி உட்டர்றேன். இனிமே கெடாது. நல்ல வண்டியாவாச்சும் குடுப்போம்" என்றேன். ஸ்க்ரூடிரைவர் கையில் இருந்தது.

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாங் கண்ணு. இழுக்காத வண்டியின்னு சொல்லித்தான் குடுக்கறேன், அவுருக்கும் தெரியும். இப்ப அது இழுத்துச்சுன்னா என்னால தாங்க முடியாது. இழுக்காத வண்டியாவே போகட்டும்."

போனது. எங்கள் தெருமுனை மேட்டில் முனகிக்கொண்டே ஏறி மறைந்தது. காரணம் தெரிந்த கையோடு பார்த்துக்கொண்டு நின்றேன். தெரியாமலே இருந்திருந்தால் அந்த முனகல் எனக்கு வெறும் முனகலாக இருந்திருக்கும்.

அதன் பிறகு என்னென்ன போயிற்று என்று சொல்கிறேன். அப்பா இப்போது ஒரு மில்லில் வாட்ச்மேன். அடுத்தவர் லோடு வண்டிகளுக்குக் கேட் திறந்துவிடுகிறார். டீக்கடைக்குப் போவதில்லை. வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையும் மழையில் கரைந்துபோனது. அம்மா அந்தக் கரண்டியைப் பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மற்றக் கிழமைகளைப் போலவே மணக்கிறது, அதாவது எதுவும் மணப்பதில்லை. சாமி படத்துக்குக்கூடப் புகை காட்டுவதில்லை. ஏனென்று கேட்டேன். "எது எங்க போயி ஒட்டுமோ, நமக்கென்ன தெரியுது" என்றாள். நான் படித்த படிப்பு என் வீட்டில் அணைத்தது அந்தத் தணல் ஒன்றைத்தான் என்று சில நாள் தோன்றும்.

முந்தாநாள் பூ வியாபாரிக்குப் போன் செய்தேன். ஏன் செய்தேன் என்று தெரியாது, நம்பர் இருந்தது.

"அந்த வண்டிங்களா?" என்றார். "பூ மூட்டைக்கே பண்ணாரி மேடு ஏற மாட்டீங்குதுங்க அம்மணி. பழைய இரும்புக்கு ஒடைக்கறதுக்குப் பேசிட்டனுங்க. திங்கக்கெழம ஆளு வாராங்க."

இன்று காலை சாம்பிராணிப் புகையில் நின்றபோது அந்தத் திங்கட்கிழமைதான் ஞாபகம் வந்தது. அரை நாள் லீவு கேட்டேன். சூப்பர்வைசர் என்ன விஷயம் என்றார். உடம்பு சரியில்லை என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

வண்டி இனி எங்களுக்குத் திரும்பாது. இழுத்தாலும் அது பண்ணாரி மேட்டில் மல்லிகைக்காக இழுக்கும். அப்பாவிடம் சொல்லமாட்டேன். அவர் தாங்கமாட்டேன் என்று சொன்னதை நான் மறக்கவில்லை. பூ வியாபாரி வீட்டில் யாராவது புகை போட்டால், ஃபில்டரை மாட்டிய பிறகு போடுங்கள் என்று பக்குவமாகச் சொல்ல வேண்டும். அம்மாவிடம் நான் பக்குவமாகச் சொன்னேனா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

சத்தியமங்கலம் பஸ் அன்னூர் தாண்டிவிட்டது. மடியில் பை, பையில் ஸ்பிரேயும் ஸ்க்ரூடிரைவரும். வாய் திறந்திருந்த என் பையை எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்துச் சீட்டு அக்கா கேட்கிறார்: "எங்க கண்ணு, இந்நேரத்துல சத்திக்கு?"

"எங்க ஊட்டு வண்டிங்கக்கா" என்கிறேன். "மூச்சு உட முடியாமக் கெடக்குது. பாக்கப் போறேனுங்க."